அரை டிராயரில் ஓர் அன்புப் பயணம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்ட அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

இரண்டு பேர் நெஞ்சில் துணியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போனால், பார்க்கிற ஜனங்கள் மனம் உருகிப் பணம் போடுவார்கள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மில் மனமகிழ் மன்றத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று, “நான் போகிறேன் சார்” என்றும் சொல்லிவிட்டேன். அப்போது நான் திருநகரில் குடியிருந்தேன். காளவாசலைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலையில் சம்பளப் பிரிவு குமாஸ்தா. என்னிடம் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது உண்மை. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் பஸ்ஸில் போகிற ஆள்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் மேனேஜர் புது மெஷின் பார்த்துவர இங்கிலாந்து போய்த் திரும்பியிருந்தார். மெஷின் வரவில்லை. யோசனை ஒன்று வந்தது. அந்த ஊரில் ஒரு கிழவர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட சைக்கிளில் போனாராம். மைலுக்கு இவ்வளவு என்று கடைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வார்களாம். அவர் மிதிக்க மிதிக்கப் பணம் கொட்டுமாம். அந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுவது ஓர் அதிசயம் போலிருக்கிறது. நம் பக்கத்தில் பால்காரன், வாத்தியார், ஆட்டுக்குட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன் எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள். ஓட்டிப் பழக்கமில்லாதவன்தான் இங்கே அதிசயம். அதாவது நான்.

நிதி எதற்கு என்று சொல்ல வேண்டும். செல்லப்பாண்டி என்று ஒரு லோடுமேன். பஞ்சுப் பேல் இறக்கும்போது அடுக்கு சரிந்து அவன் மேல் விழுந்தது. ஒரு கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. மற்றது இருக்கிறது, ஆனால் ஊன்ற உதவாது. வயது முப்பதுகூட இல்லை. சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று மில் கையைக் கழுவியது. யூனியன்காரர்கள் சண்டை போட்டு ஒரு வழி பிறந்தது. கேட்டில் உட்கார்ந்து வருகை பதிகிற டைம்கீப்பர் வேலை காலியாக இருந்தது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. பொங்கல் லீவு முடிந்து மில் திறக்கிற அன்று செல்லப்பாண்டி தானாக வந்து, தானாக வீட்டுக்குப் போக முடிந்தால் வேலை அவனுக்கு. முடியாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

அவன் ஊர் உசிலம்பட்டி ரோட்டில், மதுரைக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், நான் இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. தவழ்ந்து ஏறுகிறவனுக்காக எந்த பஸ்ஸும் நிற்காது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான்.

கூட்டத்தில் ஃபிட்டர் தவசி எழுந்து, அந்த வண்டியை மில்லே வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டான். தவசி என் சிநேகிதன். கேட்கக் கூடாததைக் கேட்பதில் கெட்டிக்காரன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, “மில் கொடுத்தால் அது செலவு. ஜனங்கள் கொடுத்தால் அது அன்பு” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை எரிகிறது.

அன்புப் பயணம் என்று பெயர் வைத்தார்கள். நானும் தவசியும் இரண்டு நாள் போய் வருவதாக ஏற்பாடு. மில் எங்களுக்குச் செய்த செலவைச் சொல்கிறேன், கேளுங்கள். நெஞ்சில் கட்ட சாட்டின் துணி. தலைக்கு மில் நூல் மார்க் அச்சடித்த நீலத் தொப்பி. வழியனுப்பு விழாவுக்கு ஷாமியானா, கேசரி, போட்டோகிராபர். இங்கிலாந்துக் கிழவர் அரை டிராயர் போட்டிருந்தாராம், ஆகவே எங்களுக்கும் அரை டிராயர். வாட்ச்மேன்களுக்கு வைத்திருந்த காக்கித் துணியில் தைத்தார்கள். இந்தச் செலவுக்கு வண்டியின் இரண்டு சக்கரமாவது வந்திருக்கும். மூன்றாவது சக்கரத்துக்கு மட்டும் நாங்கள் மிதித்திருந்தால் போதும்.

மேனேஜர் பச்சைக் கைக்குட்டையை ஆட்டினார். நான் ஏறினேன். சீட் எனக்கு உயரம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல வளர்த்தி.

முதல் வசூல் காளவாசலில். அங்கே ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தங்க பிரேம் கண்ணாடி. மைல் கணக்கை நான் விளக்கமாக, இங்கிலாந்துக் கிழவரையும் சேர்த்து, எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நீங்க எம்புட்டுத் தூரம் போறீகளோ அம்புட்டுக்கு நான் தரணும்?”

ஆமாம் என்றேன்.

“போகாம வீட்லயே இருந்தா?”

தர வேண்டியதில்லை என்றேன்.

“வீட்லயே இருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வேறு கிராக்கியைக் கவனிக்கப் போய்விட்டார்.

தெருவில் நின்றவர்களுக்கோ ஒரே சந்தேகம், நாங்கள் எந்தக் கட்சி என்பது. நெஞ்சில் துணியோடு சைக்கிளில் வருகிறவன் கட்சிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பது மதுரைச் சட்டம். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். கட்சி என்றால் திட்டவாவது செய்திருப்பார்கள். கட்சி இல்லாதவனுக்கு ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை.

நாகமலைப் பக்கம் என் பின்சக்கரம் பஞ்சர். ஒட்டிக் கொடுத்தவரிடம் உண்டியலை நீட்டினேன். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்ட உண்டியல் அது. அவர் டின்னைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார், என் டிராயரைப் பார்த்தார். ஒட்டிய காசை மட்டும் வாங்கிக்கொண்டு, இந்த வயதில் நல்ல வேலை ஏதாவது பார்க்கக் கூடாதா என்று பரிவோடு விசாரித்தார்.

மத்தியானம் செக்கானூரணியில் புரோட்டா. கல்லில் இருந்து எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, அதன் தலையில் சால்னாவை ஊற்றினார்கள். அந்தப் புரோட்டாவை அவர்கள் அடித்த அடியைப் பார்த்தபோது என் இடுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. தவசி நாலு தின்றான். நான் நின்றுகொண்டே தின்றேன். உட்காருகிற பாகம் அதற்குள் என் வசத்தில் இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அன்புப் பயணத்தின் முதல் நன்கொடை கிடைத்தது. அது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். போலீஸ்காரர்களும் காக்கி அரை டிராயர் போட்டுத் திரிந்து பழகியிருந்த காலம். ஒரு கண்மாய்க்கரையில் பனை நிழல் பார்த்து ஒதுங்கினோம். பத்துப் பதினைந்து பேர் கலயமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருத்தரும் இல்லை. வயலில் குதித்தவர், வேலி தாண்டியவர், வேட்டியை விட்டுவிட்டுப் போனவர். ஒரே ஒரு ஆள் மட்டும் ஓடாமல் கும்பிட்டுக்கொண்டே வந்து, மடித்த நோட்டு ஒன்றைத் தவசியின் கையில் திணித்தார். “போன வாரமே ஏட்டையாட்ட குடுத்துட்டேன், இருந்தாலும் வச்சுக்கங்க.”

தவசி அதை உண்டியலில் போட்டான். இது லஞ்சமடா, தர்மக் காசில் லஞ்சக் காசைக் கலக்கலாமா என்று நான் குதித்தேன்.

“மாப்ள, நீ நெசத்தச் சொல்லிக் கேட்ட. ஒருத்தனும் போடல. நான் வாயே தொறக்கல. போட்டுட்டான். இதுல யாரு குத்தம்?”

உசிலம்பட்டியில் அவன் அக்கா வீட்டில் படுத்தோம். அவன் படுத்தான், நான் குப்புறக் கிடந்தேன்.

மறுநாள் திரும்புகிற வழியில் செல்லப்பாண்டியின் ஊருக்குப் போவது என் திட்டம். எங்கேயோ இருக்கிறவனுக்கு இரக்கம் வராவிட்டால் போகிறது, சொந்த ஊர்க்காரனுக்கு வராதா? உண்டியல் நிரம்பி வழிந்தால் எதில் கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் நெகிழ்ந்து போனேன். கோயில் திடலில் ஏதோ ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு மைக்செட் கட்டியிருந்தார்கள். மைக்செட்காரரே ஓடிவந்து என் கையில் மைக்கைக் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்கள் ஊரின் துரதிர்ஷ்டசாலி மகன், இரு கால்களையும் இழந்து நிராதரவாக நிற்கும் செல்லப்பாண்டிக்காக” என்று ஆரம்பித்தேன். கால்களை இழந்தவன் எப்படி நிற்பான் என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

மைக் செத்துவிட்டது. வயரைப் பிடுங்கியவர் நடு வயதுக்காரர், கட்டை மீசை. செல்லப்பாண்டியின் தாய்மாமன் மாயாண்டி அவர்தான் என்று அப்புறம் தெரிந்தது. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எங்க வீட்டுப் பய பேரச் சொல்லி எங்க ஊர்லயே துண்டு ஏந்துறீகளா?” என்றார். “ஒங்க மில்லு காலை எடுத்துச்சு. மிச்சம் மானம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் எடுத்துட்டுப் போக வந்தீகளாக்கும்?”

நான் இங்கிலாந்துக் கிழவரைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். தவசி என் டிராயரைப் பிடித்து இழுத்தான்.

கூட்டத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர்கள் வந்தது வேறு எதற்கோ. கம்பத்தை எங்கே நடப்போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எத்தனை நாள் சுற்றுவீர்கள், டியூப்லைட்டை நெஞ்சில் உடைப்பது உண்டா, மண்ணுக்குள் புதைகிற ஆள் யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாளில் ஊர்த் திடல்களுக்கு சைக்கிள் சுற்றுகிறவர்கள் வருவார்கள். நடுவில் கம்பம் நட்டு, ராப்பகலாக, காலைத் தரையில் ஊன்றாமல், நாள்கணக்கில் வட்டம் போடுவார்கள். சைக்கிள் மேலேயே சாப்பாடு, குளியல், சவரம். பார்க்கிற ஜனங்கள் சட்டையில் நோட்டைக் குத்திவிடுவார்கள். எங்களை அந்தக் கோஷ்டி என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாங்கள் வித்தை காட்டுகிறவர்கள் இல்லை, மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை மிதித்துவிட்டு வருகிறோம் என்றேன். மைக்செட்காரர் நியாயமான மனிதர். நின்று பதில் சொன்னார். “ஊரவிட்டுப் போறவனுக்கு எவன்ணே காசு குடுப்பான்? சுத்துனா நாங்க பாக்கலாம். போனா என்னத்தப் பாக்க, ஒங்க முதுகவா?”

மாயாண்டி வயரைத் தன் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், எதிரில் இருந்த வேப்பமரத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அவன் பேரச் சொல்லிக் கேட்டா அது பிச்சை. சைக்கிள் சுத்துறவனுக்குக் குடுத்தா அது கூலி. சுத்துறதா இருந்தா சுத்துங்க.”

வயரை மாட்டிவிட்டார்.

நான் சம்பளப் பிரிவு குமாஸ்தா, பி.காம்., என்னால் குரங்குபோல வட்டம் போட முடியாது என்று தவசியிடம் சொன்னேன். அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “மாப்ள, ஏறு” என்றான்.

ஏறினேன். ஒருவர் உரலைத் தூக்கிவந்து திடலின் நடுவே போட்டு அதுதான் கம்பம் என்றார். வட்டம் போடுவது நேராகப் போவதைவிட எத்தனை கொடுமை என்பது வட்டம் போட்டவனுக்குத்தான் தெரியும். நேராகப் போனால் ஊராவது மாறும். இதில் அதே உரல், அதே வேப்பமரம், அதே கட்டை மீசை. மைக்செட்காரர் எங்களைப் பற்றி அறிவிக்க ஆரம்பித்தார். தவசி சிங்கப்பூரில் சுற்றியவன். நான் கொழும்பில் சுற்றி, அங்கே ஒரு ராணி கையால் மெடல் வாங்கியவன். கொழும்பில் ராணி கிடையாது என்று மூன்றாவது வட்டத்தில் அவருக்குத் திருத்தம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஹேண்டில் ஆட, காலை ஊன்றிவிட்டேன்.

ஊரே ‘ஓ’ என்றது. விசில் ஒன்று காதைக் கிழித்தது. திரும்பிப் பார்த்தால் கூட்டத்துக்குப் பின்னால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு விரலை வாயில் வைத்து அந்த விசிலை அடித்தவன் செல்லப்பாண்டி. யாருக்காக நான் சாகிறேனோ அவன். முகத்தில் அத்தனை சந்தோஷம். அண்ணன் கால் ஊன்றிவிட்டபடியால் ஆட்டம் மறுபடி முதலில் இருந்து என்று மைக்செட்காரர் அறிவித்தார்.

அப்புறம் நடந்ததை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. குளியல் என்று மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றினார்கள். மில் தொப்பியின் நீலச்சாயம் கரைந்து என் முகத்தில் வழிந்தது. கைக்குழந்தைகள் என்னைக் கண்டு வீறிட்டன. கேப்பைக்கூழும் சுண்டவத்தலும் கொண்டுவந்து, ஓடிக்கொண்டே வாயில் ஊட்டினார்கள். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொன்னால், கூழ் அமிர்தம். சவரம் என்று ஒருவர் கத்தியோடு கூடவே ஓடிவந்தார். நான் அலறி மறுத்துவிட்டேன். தவசி கன்னத்தைக் கொடுத்தான். ஒரு பக்கம் முடிவதற்குள் ஓடிவந்தவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. மறு பக்கத்தை மதுரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மில் பத்திரிகையில் வெளிவந்த படத்தில் தவசி ஒரு பக்கம் மட்டும் தாடியோடு இருப்பது இப்படித்தான்.

ஆனால் பணம் விழுந்தது. இரண்டு நாளாக உண்டியலை ஏறிட்டுப் பார்க்காதவர்களைப் போன்ற ஜனங்கள்தான் இவர்களும். மடியிலிருந்து அவிழ்த்து, முந்தானை முடிச்சைப் பிரித்து, கூடவே நடந்துவந்து சட்டையில் குத்தினார்கள். குத்தியவரின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் மைக்கில் வந்தன. அதைக் கேட்டுவிட்டு அவருடைய பங்காளி இன்னும் பெரிய நோட்டாகக் குத்தினார். செல்லப்பாண்டி என்ற பெயர் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு மாயாண்டி வந்தார். என் கூடவே அரை வட்டம் நடந்தார். தன் நோட்டை என் சட்டையில் குத்தினார். ஊசி நெஞ்சிலும் இறங்கியது, வேண்டுமென்றே இறக்கினார் என்பது என் அபிப்பிராயம். அவர் குத்தியதுதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய நோட்டு.

மில்லில் உண்டியலை உடைத்தபோது மேனேஜர் கண் கலங்கினார். பார்த்தீர்களா, ஜனங்களின் அன்பு என்றார். வண்டி வாங்குவதற்கு வேண்டியது இருந்தது.

இங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிடுவார்களா?

மார்கழியில் வண்டி வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட், நல்ல ரெக்சின் சீட். முதுகுப் பலகையில் கொட்டை எழுத்தில் ‘மில் நிர்வாகத்தின் அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லி எழுதிவிட்டார்கள். ஒரு நயா பைசா கொடுக்காத நிர்வாகம். என் நெஞ்சில் ஊசிக் காயம்கூட ஆறவில்லை. பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஆனால் வண்டியைச் செல்லப்பாண்டிக்குக் கொடுக்காமல் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். ஏன் என்றால் விழா. பெரிய அதிகாரி ஒருவர் வந்து கையால் தொட்டுக் கொடுப்பார். அவருக்குப் பங்குனியில்தான் தேதி கிடைத்ததாம்.

மேனேஜர் அறைக்குப் போனேன். பொங்கல் லீவு முடிந்த அன்று அவன் தானாக வந்தால்தான் வேலை என்று சொல்லியிருக்கிறீர்களே, வண்டி பங்குனியில் கிடைத்தால் தையில் எப்படி வருவான் என்று கேட்டேன். விதி விதிதான், விழா விழாதான், இரண்டையும் நான் குழப்பிக்கொள்கிறேன் என்றார். டைம்கீப்பர் வேலைக்கு அடுத்து நிற்கிற ஆள் யார் என்றும் விசாரித்தேன். அவருடைய மச்சினன் மகன். அதையும் நான் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அன்று மாலை தவசியிடம் போய்க் கத்தினேன். அவன் நான் கத்தி முடிகிற வரைக்கும் ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, வண்டியில் செயின் இழுக்கிற மாதிரி இருக்கிறது, ஓட்டிப் பார்க்காமல் எப்படி விழாவில் கொடுப்பது என்றான்.

போகி அன்று மத்தியானம் தவசி குடோனைத் திறந்தான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். செயின் இழுக்கிறது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தவசிக்கு ஷிப்ட் இருந்தது. ஆகவே நான் ஏறி உட்கார்ந்தேன்.

இந்த இரண்டாவது பயணத்துக்குத் துணியும் இல்லை, தொப்பியும் இல்லை. கையால் சுற்ற வேண்டும், அதே கையால் திருப்பவும் வேண்டும். காளவாசல் வருவதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. ரோடு முழுக்கக் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பானை. ஓரமாக நிறுத்தி மூச்சு வாங்கினேன். மடியில் ஏதோ விழுந்தது. பார்த்தால் காசு. போட்ட அம்மாள் கரும்போடு போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வாயெடுப்பதற்குள் இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் கேட்கவில்லை, உண்டியல் இல்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஜனங்கள் தாராளமாக இருந்தார்கள். ஜவுளிக்கடையிலிருந்து தங்க பிரேம் கண்ணாடி இறங்கி வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு ரூபாயை மடியில் வைத்து, “பாத்துப் போப்பா” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்லப்பாண்டிக்காகக் கெஞ்சிக் கேட்டபோது வீட்டிலேயே இருக்கச் சொன்ன மனிதர். கேட்காதவனுக்கு, நல்ல காலை மடித்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு, தேடிவந்து கொடுக்கிறார். காசைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியக் கை வரவில்லை. சத்தியமாகத் தூக்கவே முடியவில்லை, அப்படி வலி.

ரயில்வே பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. நாலு பேர் ஓடிவந்து, பிடித்துவந்த மாட்டைக்கூட விட்டுவிட்டு, மேலே தள்ளிக் கொடுத்தார்கள். அத்தனை நல்லவர்கள். அவர்களே கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் நின்றார்கள். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. யோசிக்காமல் வண்டியை நிறுத்தி, இறங்கி, விறுவிறு என்று நடந்துபோய், ஸ்ட்ராங்காக ஒரு டீ என்றேன்.

கடையில் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

“யோவ், இவனுக்குக் காலு நல்லாத்தானய்யா இருக்கு” என்றார் தள்ளியவர்களில் ஒருவர்.

இது வேறு ஒருவருக்குப் போகிற வண்டி, நான் மில் குமாஸ்தா என்றேன். மடியிலிருந்து சில்லறை அந்த நேரம் பார்த்துக் கலகலவென்று கொட்டியது. அதற்கு மேல் என் பி.காம். எடுபடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் நெருங்கினார்கள். டீக்கடைக்காரர் நடுவில் புகுந்து, நல்ல நாளில் கை வைக்க வேண்டாம், காசைப் பிள்ளையார் உண்டியலில் போடச் சொல்லி விடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். போட்டேன். டீ தரவில்லை. ஓடிப்போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இனி என்ன ஆனாலும் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். தாகத்தோடு, தோள் இரண்டும் மரத்துப்போய், மில்லையும் மேனேஜரையும் ஜவுளிக்கடையையும் டீக்கடையையும் இங்கிலாந்துக் கிழவரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே கையைச் சுற்றினேன்.

செல்லப்பாண்டியின் வீட்டு வாசலில் போய் நின்றபோது வெளிச்சம் இருந்தது. அவன் பெண்சாதி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, சுண்ணாம்பு அடிக்க அடுத்த தென்னமட்டையை நார் பிரியத் தட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது.

வண்டியில் உட்கார்ந்தபடியே நான் ஆரம்பித்தேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. பலகையில் எழுதியிருக்கிற அநியாயத்தைப் பார் என்றேன். பங்குனி விழாவைச் சொன்னேன். மச்சினன் மகனைச் சொன்னேன். லீவு முடிந்த அன்று இதில் வந்து கேட்டில் நில், விழா நடக்காத வண்டி என்று எவன் தடுக்கிறான் பார்ப்போம், அதற்குப் பிறகு என் வேலை போனாலும் சரி என்றேன். காளவாசலில் காசு போட்டார்களடா, எனக்கு, எனக்குக் காசு போட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டேன். டீக்கடையில் அடிக்க வந்ததைச் சொன்னேன். இந்த ஜனங்கள் உருப்படுமா, இந்த நாடு உருப்படுமா என்று கேட்டேன். அவன் பெண்சாதி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

செல்லப்பாண்டி மட்டையைக் கீழே வைத்தான். கட்டிலிலிருந்து கையை ஊன்றித் தரையில் இறங்கினான். தவழ்ந்து வண்டியின் பக்கத்தில் வந்தான். சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். செயினை விரலால் அழுத்தினான். பொங்கல் லீவு முடிந்ததும் நானே மேனேஜரிடம் போய், நீங்கள் மனிதர்தானா என்று நேருக்கு நேர் கேட்கப் போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ரெக்சின் சீட்டின் விளிம்பில் கையை வைத்து, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான்.

“சரிண்ணே, எந்திரிங்க.”